மேலே வந்த நாய், கீழே போன சொந்தக்காரர்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் லைன் வீட்டில் இருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மிஸ்ட் இறங்கிய நேரத்தில் லேப்ரடார் நாய் ஒன்று எங்கிருந்தோ வந்து வாசலில் படுத்துக்கொண்டது. ஆண் நாய். கழுத்தில் பட்டை இருக்கிறது, பெயரும் போன் நம்பரும் இல்லை. என் மகள் (8 வயது) பாலும் பிஸ்கட்டும் கொடுத்தாள். பிஸ்கட்டை வாங்கும்போது அவள் விரலில் பல் பட்டுவிட்டது. ரத்தம் வரவில்லை, தோல் மட்டும் சிராய்த்திருக்கிறது. எங்களிடம் ஏற்கெனவே ஒரு நாட்டு நாய் உண்டு. சிறுத்தை வந்துபோகிற இடம் இது. அக்கம்பக்கத்தில் விரட்டிவிடச் சொல்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் கொழுந்தனார், "எனக்குக் கொடுங்க அண்ணி, நான் வளர்த்துக்கிறேன்" என்கிறார். யாராவது வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போயிருப்பார்களோ? என்ன செய்வது? இன்னொன்றும் கேட்க வேண்டும். கவாத்து வெட்டும்போது தேயிலைச் செடிக்கடியில் பூனைக்குட்டிகள் கிடைக்கின்றன. அவற்றை எடுத்து வளர்க்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். நாயின் அடையாளங்கள் சிலவற்றையும் பட்டையின் நிறத்தையும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். அவற்றை இங்கே வேண்டுமென்றே வெட்டியிருக்கிறேன், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மகளைப் பற்றிய பகுதியைக் கடிதம் கண்ட அன்றே உங்களிடம் போனில் சொல்லிவிட்டேன். அதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக அதையே முதலில் எழுதுகிறேன்.

ரத்தம் வராததால் ஒன்றுமில்லை என்று இருந்துவிடக் கூடாது. ஊசி வரலாறு தெரியாத நாயின் பல் பட்டுத் தோல் சிராய்த்தால், மருத்துவக் கணக்கில் அது இரண்டாம் வகைக் காயம், தடுப்பூசி தேவை. முதல் வேலை கழுவுவது. குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். குழந்தைக்கு 15 நிமிடம் நெடுநேரமாகத் தோன்றும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள். ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். அவை புண்ணைக் கிளறிக் கிருமியை உள்ளே தள்ளும். கட்டும் போட வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் ஊசியை இலவசமாகப் போடுவார்கள். தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணி 3, 7, 28 ஆகிய நாள்களில் அடுத்த ஊசிகள். ரத்தம் வந்திருந்தாலோ, ஏற்கெனவே இருந்த புண்ணில் நாய் நக்கியிருந்தாலோ அது மூன்றாம் வகை. அப்போது தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். எங்கே போவது என்று குழப்பம் வந்தால் 104-க்குப் போன் செய்யுங்கள். வெறிநாய்க்கடிக்கு மருந்து வேண்டும் என்றே 1907-இல் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் தொடங்கிய மலை இது. நோய் தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை, ஊசி முந்திக்கொண்டால் பயமில்லை.

இதில் நாயின் பங்கும் ஒன்று உண்டு. பல் பட்ட நாளிலிருந்து 10 நாள் அது உங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பல் பட்டபோது எச்சிலில் கிருமி இருந்திருந்தால், அந்த 10 நாளுக்குள் நாய் நோயில் விழுந்து செத்துவிடும். பத்தாவது நாளும் நன்றாகச் சாப்பிட்டு வாலாட்டினால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். மீதி ஊசியைப் பற்றி அப்போது டாக்டர் முடிவு சொல்வார், நீங்களாக நிறுத்த வேண்டாம். வெறி என்றால் பாய்ந்து கடிப்பது மட்டுமே என்று நினைக்கிறோம். இருட்டு மூலையில் ஒடுங்கி, கீழ்த்தாடை தொங்கி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் இருப்பதும் வெறிதான். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டவர்கள் உண்டு. அப்படி எது தெரிந்தாலும் கதவைச் சாத்திவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். இந்த 10 நாளுக்குள் நாய்க்கு ரேபிஸ் ஊசி போடச் சொல்லாதீர்கள். ஊசிக்குப் பின் வரும் காய்ச்சலும் சோர்வும் நோயா ஊசியா என்று நம்மைக் குழப்பிவிடும்.

விரட்டிவிடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். கொழுந்தனாரிடம் இப்போது கொடுக்கக் கூடாது என்பதற்கும் இதுதான் முதல் காரணம்.

இனி நாயைக் கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கழுத்துப்பட்டையின் ஓட்டைகளைக் கவனியுங்கள். தினமும் பக்கிள் மாட்டிய ஓட்டை மட்டும் இழுபட்டு நீண்டு முட்டை வடிவமாகியிருக்கும், அங்கே தோலில் ஒரு மடிப்பும் இருக்கும். அந்த ஓட்டையிலேயே மாட்டியிருந்து, பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போனால், நாய் வீட்டை விட்டு ஓரிரு நாள்தான் ஆகியிருக்கும். அதே ஓட்டையில் நான்கு விரல் போகிறது என்றால் வாரக்கணக்கில் இளைத்திருக்கிறது. அடுத்து நகம். தார் ரோட்டிலும் பாறையிலும் திரிந்த நாயின் நகம் தேய்ந்து மழுங்கியிருக்கும். வீட்டுத் தரையில் வளர்ந்தது என்றால் நகம் நீண்டு வளைந்திருக்கும், பாதம் மெத்தென்று இருக்கும், நடந்து வந்ததில் பாதத்தோல் உரிந்து சிவந்தும் இருக்கலாம். காது நுனியில் ஆங்கில ‘வி’ எழுத்துப் போல வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்து விட்ட தெருநாய். 2023-ஆம் ஆண்டு நாய்க் கருத்தடை விதிகளின்படி அதற்கு அது திரிகிற இடமே வீடு, வேறு ஊருக்குத் தூக்கிப் போகக் கூடாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களிடம் வந்திருப்பது வீட்டு நாய். மே மாத சீசன் கூட்டத்தில், கொடநாடு காட்சிமுனையிலோ கேத்தரின் அருவிப் பக்கமோ கார்க் கதவு திறந்த நேரத்தில் குரங்கையோ காட்டெருமையையோ கண்டு மிரண்டு ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். தேயிலைக்குள் புகுந்த நாயை மூடுபனியில் பத்தடி தூரத்திலிருந்தும் பார்க்க முடியாது.

ராத்திரி விஷயம் அவசரமானது. வாசலில் கட்டிப்போடாதீர்கள். சிறுத்தைக்கு நாய் பழகிய இரை, கட்டிய நாயால் ஓடவும் முடியாது. நாயைத் தேடி வரும் சிறுத்தை அடுத்த ராத்திரியும் அதே வாசலுக்கு வரும், உங்கள் வீட்டில் குழந்தை இருக்கிறது. வெளிச்சம் போவதற்குள் ஒன்றுக்கு இரண்டுக்குக் கூட்டிப்போய்விட்டு உள்ளே அடைத்துவிடுங்கள். மறுபடி வெளியே விடுவது நன்றாக விடிந்த பிறகுதான், அதுவும் கயிற்றோடு. விறகுக் கொட்டகை போதும், ஆனால் நான்கு பக்கமும் அடைப்பும் கதவும் வேண்டும். சாப்பிட்ட தட்டை வெளியே வைக்காதீர்கள், கோத்தகிரிப் பக்கத்துக் கரடிகளுக்கு அந்த வாசனை போதும்.

குளிருக்குத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை, அதன்மேல் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, அதற்குமேல் பழைய கம்பளி. வெறும் சாக்கு ஈரத்தை உறிஞ்சிக் குளிரைக் கூட்டும். நாய் நனைந்திருந்தால் முதலில் துண்டால் நன்றாகத் துவட்டுங்கள். நடுக்கம் நிற்கவில்லை என்றால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வயிற்றோரம் வையுங்கள். கரி போட்ட அடுப்பை மூடிய இடத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். அந்தப் புகை மணமில்லாமலே உயிரை வாங்கும், நாயானாலும் மனிதரானாலும்.

சாப்பாட்டில் பலரும் தவறு செய்வது அன்பினால்தான். வளர்ந்த நாய் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். பசியோடு வந்ததே என்று ஒரே நேரத்தில் வயிறு முட்டப் போட்டாலும் வாந்திதான். சுமார் 25 கிலோ நாய்க்கு முதல் நாள் இரண்டு கை குழைந்த சாதமும் ஒரு வேகவைத்த முட்டையும் ஒரு வேளைக்கு என, நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மூன்றாம் நாளுக்குள் வழக்கமான அளவுக்கு வந்துவிடலாம். எலும்பு துருத்தித் தெரிகிற அளவுக்கு இளைத்திருந்தால் இதிலும் பாதியில் தொடங்கி, மருத்துவரிடம் காட்டிய பிறகே கூட்ட வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சாப்பாடு இறங்கினால் ரத்தத்தில் உப்புச்சத்துகள் சரிந்து இதயம் நின்றுபோகலாம். சாம்பார் சாதம் வேண்டாம், வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். நம் ஊர் ஹோம்மேட் சாக்லேட்டும் வேண்டாம். லேப்ரடாரை விடச் சிறிய நாய்களுக்கு அது இன்னும் ஆபத்து: 3 கிலோ பொமரேனியனுக்கு வாந்தியும் படபடப்பும் தொடங்க 12 முதல் 15 கிராம் டார்க் சாக்லேட் போதும். காய்ச்சல், வலி என்று நாம் போடும் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். பூனைக்கு ஒரு பாராசிட்டமாலே உயிரை எடுத்துவிடும்.

உங்கள் நாட்டு நாயை இரண்டு வாரத்துக்கு இதனிடமிருந்து பிரித்தே வையுங்கள், மூக்கோடு மூக்கு உரசக் கூடாது. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நாய்த் தொற்றுநோய்கள் உடம்பில் புகுந்து வெளியே தெரிய அத்தனை நாள் ஆகலாம். தனித் தட்டு, தனித் தண்ணீர். முதலில் உங்கள் நாய்க்குச் சோறு போட்டுவிட்டுப் பிறகு விருந்தாளியிடம் போங்கள், முடிந்ததும் கையையும் செருப்பையும் கழுவுங்கள். ரத்தம் கலந்த பேதி கண்டால் ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து இடத்தை நனைத்து, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பார்வோ கிருமி சாதாரணச் சோப்புக்குச் சாகாது, மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

அட்டையும் உண்ணியும் மழைக்காலத்தில் சேர்ந்தே வரும். தோலில் இருக்கும் அட்டைக்கு உப்பு போதும். ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் ரத்தம் வந்து, நாய் விடாமல் தும்மினால், ஓடைத் தண்ணீர் குடிக்கும்போது அட்டை உள்ளே ஏறியிருக்கலாம். அதை மருத்துவர் எடுக்கட்டும். உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது பட்டையை மட்டும் நம்பாதீர்கள். மிரண்ட நாய் பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொண்டு போய்விடும். பட்டையோடு சேர்த்து, கழுத்தையும் மார்பையும் சுற்றி இன்னொரு கயிறு கட்டுங்கள். போய்ச் சேர்ந்ததும் கேட்க வேண்டிய முதல் விஷயம் மைக்ரோசிப். அரிசி அளவில் ஒரு குப்பி, தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் இருக்கும். ஸ்கேனரைக் காட்டினால் 15 இலக்க எண் வரும். சில நாயில் அது நகர்ந்து தோள்பட்டைப் பக்கம் இறங்கியிருக்கும். அதனால் கழுத்திலிருந்து முன்னங்கால் வரை இரண்டு பக்கமும் மெதுவாகக் காட்டச் சொல்லுங்கள். சிப்பில் பேட்டரி இல்லை, போன் நம்பரும் இல்லை, இருக்கும் இடத்தையும் சொல்லாது. எண்ணைப் பதிவேட்டில் பொருத்தித்தான் சொந்தக்காரரைத் தேட வேண்டும். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் பதிவான சாதி நாய்களுக்குச் சிப் இருக்கும், எனவே லேப்ரடார் விஷயத்தில் இதைத் தவறவிடாதீர்கள். உங்கள் ஊர் மருந்தகத்தில் ஸ்கேனர் இல்லை என்றால் குன்னூர், உதகையில் போனிலேயே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். நாய் நடக்க முடியாத நிலையில் இருந்தால் 1962-க்குப் போன் செய்து கேளுங்கள், கால்நடைத் துறையின் நடமாடும் ஊர்தி எண் அது.

சிப் இல்லை என்றால்தான் தேடல் தொடங்குகிறது. மலையில் நாயைக் கண்டெடுத்தவர்கள் பெரும்பாலும் தங்கள் ஊருக்குள்ளேயே விசாரித்துவிட்டு, யாரும் இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். சுற்றுலா வந்தவர் இரண்டு நாள் தேடிவிட்டு, லீவு முடிந்து, அழுதுகொண்டே மலை இறங்கியிருப்பார். அவர் தேடுவது கீழேயிருந்து. எனவே செய்தியையும் கீழே அனுப்ப வேண்டும். கோத்தகிரியில் டாக்சி ஸ்டாண்டு, பெட்ரோல் பங்கு, காட்சிமுனைக் கடைகள், ஹோம்ஸ்டேக்கள் ஆகியவற்றோடு நிறுத்தாமல், குஞ்சப்பனை செக்போஸ்ட் டீக்கடை, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு, கோயம்புத்தூர் நாய் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுக்கள் வரை போக வேண்டும். டிரைவர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் தினமும் மலை ஏறி இறங்குகிறவர்கள். கர்நாடக வண்டி கூடலூர், மசினகுடி வழியாகவும் கேரள வண்டி நாடுகாணி வழியாகவும் போயிருக்கும். அதனால் நோட்டீஸைத் தமிழில் மட்டும் போடாமல் கன்னடத்திலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் நாலு வரி சேருங்கள். கூடலூர்ப் பக்கத்துச் சொந்தம் யாராவது இருந்தால் எழுதித் தருவார்கள்.

நோட்டீஸில் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்று, கிடைத்த தேதி, ஏரியா, உங்கள் நம்பர் இருக்கட்டும். வீட்டு விலாசம் வேண்டாம். பட்டையைக் கழற்றிவிட்டுப் படமெடுங்கள். பட்டையின் நிறம், வேறெங்கும் இல்லாத ஒரு மச்சம், ஒரு தழும்பு, இப்படி இரண்டு அடையாளத்தை யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்திலிருந்து நான் வெட்டியது இவற்றைத்தான். சாதி நாய்க்கு விலை உண்டு, "எங்க நாய்தான்" என்று யார் வேண்டுமானாலும் வரலாம். வருகிறவரே அந்த அடையாளத்தைச் சொல்ல வேண்டும். "கழுத்தில் சிவப்புப் பட்டையா?" என்று நீங்கள் எடுத்துக்கொடுத்தால் அவர் ஆமாம் என்பார். நாய் குட்டியாக இருந்தபோது எடுத்த படம், ஊசி அட்டை, அவருடைய கால்நடை மருத்துவரின் நம்பர், இந்த மூன்றில் குறைந்தது இரண்டையாவது அவர் காட்டட்டும்.

அதோடு உள்ளூர் காவல் நிலையத்தில் ஒரு மனு எழுதிக்கொடுத்து மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு யாரும் திருட்டுப் பழி சொல்ல முடியாது. சட்டத்தில் வளர்ப்பு நாய் ஒருவருடைய சொத்து. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆவது பிரிவுப்படி, கண்டெடுத்தவர் அதைப் பத்திரமாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர். சொந்தக்காரரைத் தேடாமல் தமதாக்கிக்கொண்டால் அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 314-ஆவது பிரிவில் குற்றமாகிறது. உங்கள் பக்கமும் சட்டம் கொஞ்சம் நிற்கிறது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 168-ஆவது பிரிவின்படி, பராமரிப்புச் செலவுக்காக நீங்கள் வழக்குப் போட முடியாதே தவிர, செலவைக் கொடுக்கும்வரை நாயை வைத்திருக்கலாம். சன்மானம் அறிவித்திருந்தால் அதைக் கேட்டு வழக்கும் போடலாம். சாப்பாடு, மருந்து, பஸ் செலவு எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், கூலி வேலை பார்க்கும் குடும்பம் இதைத் தன் தலையில் சுமக்க வேண்டியதில்லை.

கொழுந்தனாருக்கு என் பதில் இது: ஒரு மாதம் பொறுத்திருக்கட்டும். நோட்டீஸும் ரசீதும் இருந்து, ஒரு மாதத்தில் யாரும் வரவில்லை என்றால், தடுப்பூசி போட்டு, ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, அவர் தாராளமாக வளர்க்கலாம். நல்ல மனசோடுதான் கேட்கிறார். அதற்குமுன் கொண்டுபோனால், தேடி வருகிறவருக்கு நாய் வந்து சேர்ந்த இடமே தெரியாமல் போய்விடும். வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போயிருப்பார்களோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படியும் நடக்கிறது, பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் குற்றம். ஆனால் முதலில் தொலைந்ததாகவே எடுத்துக்கொண்டு தேடுங்கள். தேடாமல் எது என்று தெரியாது.

பூனைக்குட்டி விஷயம். கவாத்துக் காட்டில் கிடைப்பது பல நேரம் வீட்டுப் பூனையின் குட்டியே அல்ல. நெற்றியிலிருந்து பிடரி வரை கறுப்புக் கோடுகள், உடம்பில் வரிசையாகப் புள்ளிகள், காதின் பின்புறம் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது சிறுத்தைப் பூனை. கால் நீண்டு, வால் குட்டையாக, காது நுனியில் கறுப்பு மயிர் இருந்தால் காட்டுப்பூனை. இரண்டையும் வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வளர்த்தாலும் அவை வீட்டுக்கு அடங்கா. குட்டி பெரிதாக, பாதம் தடிமனாக இருந்தால் சிறுத்தைக் குட்டியாகவே இருக்கலாம், தாய் பத்து வரிசைக்குள் படுத்திருக்கும். உடனே எல்லோரும் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். தாய் செத்துக் கிடக்கவில்லை என்றால் குட்டி அநாதை இல்லை. பகலில் சத்தம் கேட்டு ஒதுங்கிய தாய், ராத்திரி வந்து ஒவ்வொன்றாகக் கவ்விப் போகும். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது சரியல்ல. யாராவது எடுத்துவிட்டாலும் அன்றே அதே செடியடியில் திரும்ப வைக்கலாம். அந்த வரிசைக் கவாத்தை ஒருநாள் தள்ளிப்போடச் சொல்லி மேஸ்திரியிடம் கேளுங்கள், வனத்துறைக்கும் தகவல் சொல்லுங்கள். மறுநாளும் குட்டி அங்கேயே கிடந்தால் அவர்கள் வந்து பார்ப்பார்கள்.

உங்கள் லேப்ரடாரின் சொந்தக்காரர் 10 நாளுக்குள்ளேயே வந்துவிட்டால், சரிபார்த்துவிட்டுக் கொடுத்துவிடலாம். ஆனால் ஊசி அட்டையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய விலாசமும் இரண்டு நம்பரும் வாங்குங்கள். பத்தாவது நாள் வரை தினமும் நாயின் வீடியோ ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். பெற்றுக்கொண்டேன் என்று தேதி போட்டு எழுதி வாங்கி, அதன் நகலை ஸ்டேஷனில் கொடுத்து மனுவை முடித்துவிடுங்கள். அந்த வீடியோக்களை மகளின் ஊசிச் சீட்டோடு டாக்டரிடம் காட்டுங்கள்.